நல்ல செய்தி மட்டும் சொன்ன ஜன்னல்

காலை பத்து மணி பத்து நிமிடத்துக்கு ஜெபசீலியின் திரையில் இரும்பு தெரிந்தது.

பெரிதாக ஒன்றுமில்லை. ஏறியும் இறங்கியும் ஓடிக்கொண்டிருந்த ஒளிக்கோட்டில், ஊதா நிறம் முடிகிற ஓரத்தில், கடுகளவு ஒரு மேடு. கருவியின் இரைச்சலாக இருக்கும் என்று முதலில் நினைத்தாள். அப்படி நினைப்பது சுலபம். பதினெட்டு வருஷமாக ஒரே நாற்காலியைத் தேய்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு இன்னும் சுலபம். இரைச்சல் என்றால் அடுத்த நிமிடம் காணாமல் போகும். இது போகவில்லை. பத்து நிமிட ஒளியை ஒன்றாகக் கூட்டிப் பார்த்தாள். மேடு வளர்ந்தது. பக்கத்தில் இன்னும் இரண்டு மேடுகள் எழுந்தன. மூன்றும் இரும்பு எங்கே ஒளிருமோ சரியாக அங்கேயே நின்றன.

அவள் நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

வள்ளம் என்கிற விண்கப்பல், மூன்று பேரையும் ஏழு டன் விண்கல்லையும் சுமந்துகொண்டு, பதினோரு கோடி கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தது. அதை உந்துவது மின்சாரம். வளையம் போன்ற ஒரு பள்ளத்துக்குள் செனான் வாயுவை விட்டு, மின்சாரத்தால் அதை நீலமாக ஒளிரவைத்து, பின்பக்கம் பீய்ச்சுகிற இயந்திரம். பீய்ச்சும் வாயு போகிற போக்கில் பள்ளத்தின் பீங்கான் சுவரையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டும். பீங்கானிலிருந்து உதிரும் போரான் தனக்கென்று ஒரு நிறத்தில் ஒளிரும். நம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதா நிறம். அந்த ஒளி எவ்வளவு பிரகாசமோ, சுவர் அவ்வளவு வேகமாகத் தேய்கிறது என்று அர்த்தம். ஒவ்வொரு இயந்திரத்துக்கும் எதிரே ஐம்பது காசு அகலத்தில் ஒரு படிக ஜன்னல், அதற்குப் பின்னால் ஒளியைப் பிரித்துப் பார்க்கும் கருவி. ராதாபுரத்துக்குக் கிழக்கே, செம்மணல் தேரிக்காட்டு ஓரத்தில், காற்றாலைகளுக்கு நடுவே இருக்கும் நிலையத்தில் உட்கார்ந்து அந்த ஒளியைப் படித்து, சுவர் இன்னும் எத்தனை மில்லிமீட்டர் பாக்கி என்று சொல்வதுதான் ஜெபசீலியின் பிழைப்பு.

பீங்கான் சுவருக்குப் பின்னால் இருப்பது காந்த வளையம். அது இரும்பு. இரும்பு ஒளிர்கிறது என்றால் சுவர் தீர்ந்துவிட்டது.

ஆனால் மூன்றாவது இயந்திரத்தின் சுவர் நான்கு மில்லிமீட்டர் பாக்கி இருப்பதாக அன்று காலைதான் அவள் எழுதிக்கொடுத்திருந்தாள். போரான் ஒளி ஏறக்குறைய அணைந்தே போயிருந்தது. சுவர் தேயத் தேயப் பள்ளம் அகன்று, தேய்மானம் தானாகக் குறையும் என்று வடிவமைத்தவர்கள் சொல்லியிருந்தார்கள். ஒளியும் சொல்லி வைத்தாற்போல மாதத்துக்கு மாதம் குறைந்துகொண்டே வந்தது. நிலையத்தில் அதற்குத் 'தேயாத சுவர்' என்று பெயரே வைத்து, வாசலில் பெரிய படமாக மாட்டியிருந்தார்கள்.

கப்பலில் நான்கு இயந்திரங்கள். இரண்டு, போகும்போதே உழைத்து ஓய்ந்துவிட்டன. மிச்சம் மூன்றாவதும் நாலாவதும். நாற்பது நாளாக மூன்றாவது மட்டும் பாதி வேகத்தில் ஓடுகிறது. நாலாவதை ஓரங்கட்ட வைத்தவள் ஜெபசீலிதான்.

நாற்பது நாளைக்கு முன்னால் கப்பலின் இயந்திரக்காரி தங்கபுஷ்பம் வேறொரு வேலையாக வெளியே போனவள், நாலாவது ஜன்னலில் அழுக்குப் படிந்திருக்கிறது என்று தானாகவே துடைத்துவிட்டு வந்தாள். துடைத்த அன்றே போரான் ஒளி ஐந்து மடங்கு ஏறியது. நிலையமே பதறியது. துடைக்கிற கோல் சுவரின் விளிம்பில் பட்டுச் சில்லுப் பெயர்ந்திருக்க வேண்டும், பெயர்ந்த விளிம்பு ஐந்து மடங்கு வேகமாகத் தேய்கிறது என்று ஜெபசீலி இரண்டு பக்கம் எழுதினாள். கோல் எங்கேயும் படவில்லை என்று தங்கபுஷ்பம் சொன்னாள். யார் கேட்டார்கள்? உத்தரவில்லாமல் இயந்திரத்தைத் தொட்டவள் என்று அவளுக்கு வெளிவேலை மறுக்கப்பட்டது. கப்பலில் இயந்திரக்காரியாகப் போனவள் நாற்பது நாளாகக் கழிவுநீர் வடிகட்டியைக் கழுவிக்கொண்டிருக்கிறாள்.

இப்போது மூன்றாவதில் இரும்பு. மாலை நாலு மணிக்கு அதே மூன்றாவது முழு வேகத்துக்கு ஏற வேண்டும். பத்தொன்பது நாள் இடைவிடாமல் உந்தினால் நாலு மாதத்தில் பூமி. உந்தாவிட்டால் கப்பல் பூமியைத் தாண்டிப் போய்விடும். மறுபடி நெருங்கப் பதினாலு மாதம் ஆகும். அவர்களிடம் சாப்பாடு ஐந்து மாதத்துக்கு இருந்தது.

ஜெபசீலி வாட்டர் பாட்டிலை எடுத்து ஒரே மூச்சில் பாதியைக் குடித்தாள். பிறகு பழைய பதிவுகளைத் திறந்தாள்.

போரான் பொய் சொல்கிறது என்றால் யார் அதைப் பொய் சொல்ல வைக்கிறார்கள்? ஜன்னல் அழுக்கா? ஜன்னலைத்தான் பத்து நாளுக்கு ஒருமுறை விளக்கு வைத்துச் சோதிக்கிறார்களே. சிவப்பு விளக்கு. ஒருமுறைகூட அது மங்கலாகத் தெரிந்ததில்லை. முதலில் புற ஊதா விளக்கும் ஒன்று இருந்தது. பயணத்தின் ஏழாம் மாதம் அது செத்துப்போனது. சிவப்பே போதும் என்று ஒரு பக்கக் குறிப்பு எழுதி எல்லாரையும் சமாதானப்படுத்தியவள், சொல்ல வேண்டியதில்லை, இவளேதான்.

செனானுக்கும் பல நிறங்கள் உண்டு. வாயுவின் அளவு மாறாதவரை அந்த நிறங்களின் விகிதமும் மாறாது. புறப்பட்ட மாதத்தின் நீலத்தையும் சிவப்பையும், இன்றைய நீலத்தையும் சிவப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

சிவப்பு அப்படியே இருந்தது. நீலம் பாதியாகியிருந்தது.

நாலாவது இயந்திரத்தின் கணக்கைப் போட்டாள். அதிலும் நீலம் மாதாமாதம் குறைந்துகொண்டே வந்து, தங்கபுஷ்பம் துடைத்த அன்றைக்கு ஒரே எகிறாகப் பழைய இடத்துக்கு ஏறியிருந்தது.

"ஐயோ, ஆண்டவரே" என்று வாய்விட்டே சொன்னாள். அடுத்த மேசையில் இருந்த கோமதி திரும்பிப் பார்த்தாள். கப்பலோடு பேசும் குரல் இணைப்பு அவள் பொறுப்பு.

"என்னக்கா? மேலுக்குச் சரியில்லையா?"

"எனக்கு ஒண்ணுமில்ல. சார் எங்க?"

"மேல ரூம்ல. நாலு மணிக்கு எல்லாரையும் கூட்டி ஸ்வீட் குடுக்கப் போறாராம்."

நிலைய இயக்குநர் ஆவுடையப்பன் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் ஜெபசீலிக்கு வேலை சுலபமாக இருந்திருக்கும். அவர் பொறுமையாகக் கேட்பார், கேட்ட எல்லாவற்றையும் நினைவில் வைத்திருப்பார். அதுதான் அன்றைக்கு இடைஞ்சலாகப் போயிற்று.

அவள் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் இருந்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"ஜன்னல் அழுக்குங்கிற. ஆனா சிவப்பு விளக்குக்கு அந்த அழுக்குத் தெரியல. அது எப்படிம்மா?"

"இந்தக் கண்ணாடி வாங்கையில கடைக்காரர் ஒரு அட்டையில நீலமா லைட் அடிச்சுக் காட்டியிருப்பாரே சார், ஞாபகம் இருக்கா? கண்ணாடி பாக்கறதுக்குப் பளிச்சுன்னுதான் இருக்கும். எல்லா வெளிச்சமும் போவும். அந்த ஒரு லைட்டை மட்டும் விடாது. நம்ம ஜன்னலும் அப்படி ஆயிருக்கு. சிவப்பு தாராளமாப் போவுது, நீலம் பாதி போவுது, போரானோட புற ஊதா சுத்தமா நிக்குது. இரும்போட நிறம் ஊதா ஓரத்துல இருக்கறதால தட்டுத்தடுமாறிக் கொஞ்சம் வருது."

"இங்க சோதனைக் கூடத்துல ஆறாயிரம் மணி நேரம் ஓட்டிப் பாத்தோம். இப்படி ஆவலையே."

"கூடத்துல சுத்தி இருக்கறது கரித்தகடு சார். நெருப்பு அதுல பட்டுக் கரிதான் பறந்து வந்து ஜன்னல்ல ஒட்டும். கரி எல்லா நிறத்தையும் ஒண்ணுபோல மறைக்கும். அதனாலதான் சிவப்பு போதும்னு நான் எழுதினேன். அங்க ஆகாசத்துல கரி ஏது? இயந்திரத்துல இருந்து பறக்கறதுதான் படியுது. அது வேற ஜாதி அழுக்கு. கூடத்து அழுக்கை மனசுல வச்சுக்கிட்டு ஆகாசத்து அழுக்குக்கு விதி எழுதிட்டேன்."

ஆவுடையப்பன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். காற்றாலைகள் சாவகாசமாகச் சுற்றிக்கொண்டிருந்தன. அவர் மீண்டும் பேசியபோது குரலில் கோபம் இல்லை. அதனாலேயே அது உறைத்தது.

"நாப்பது நாளைக்கு முன்னால வந்து நாலாவது கெட்டுப்போச்சுன்ன. ஒரு பொம்பளையை வேலையை விட்டு நிறுத்தினோம். இன்னைக்கு வந்து மூணாவது கெட்டுப்போச்சு, நாலாவதுதான் தேவலைங்கிற. ரெண்டையும் எழுதினது நீதான். நான் எந்த ஜெபசீலியை நம்ப?"

அவள் நீலக் கணக்குத் தாளை அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் அதைத் தொடவில்லை.

"மூணாவதை ஏத்தினா என்னாகும்? அதைச் சொல்லு."

"முழு வேகத்துல இரும்பு வளையம் ரெண்டு நாள் தாங்கினா பெருசு. அப்புறம் காந்தச் சுருள் கருகி ஷார்ட் ஆகும். மூணாவதுக்கும் நாலாவதுக்கும் கரண்ட் ஒரே பெட்டியில இருந்துதான் போவுது. பெட்டி போனா நாலாவதும் போச்சு."

"நாலாவதை ஏத்தி, உன் பழைய ரிப்போர்ட்டுதான் சரின்னு ஆனா?"

"சில்லுப் போன இடத்துல சுவர் அஞ்சு நாள்ல தீரும்."

"ஆக எதை நம்பித் தப்புப் பண்ணினாலும் மூணு பேரும் அவ்வளவுதான்." அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "உன் வாக்கை வச்சு நான் மாத்த மாட்டேன், ஜெபசீலி. உன் வாக்கை வச்சு மாத்தாம இருக்கவும் பயமா இருக்கு. எனக்குக் கண்ணால பாக்கற மாதிரி ஒரு ருசு வேணும். நாலு மணிக்குள்ள."

"ஒரே வழிதான். மூணாவது ஜன்னலைத் துடைக்கணும். துடைச்சதும் ஒளி எகிறினா நான் சொல்றது சரி."

"யாரு துடைப்பா?"

அது கேள்வியே இல்லை; பதில் இருவருக்கும் தெரியும். கப்பல் தலைவர் ஹமீது சுல்தானுக்குத் தோள்பட்டையில் சதை கிழிந்து கையைத் தூக்க முடியாது. மூன்றாவது ஆள், கல் ஆராய்ச்சி செய்யும் பெண், வெளியே போய்ப் பழகாதவள். தங்கபுஷ்பம்தான் போக வேண்டும். எந்த வேலையைச் செய்ததற்காக அவளை மூலையில் உட்காரவைத்தார்களோ, அதே வேலையைச் செய்யச் சொல்லி, உட்காரவைத்தவளே கேட்க வேண்டும்.

பதினொன்றே முக்காலுக்குக் குரல் இணைப்பில் உட்கார்ந்தாள். இங்கே பேசியது அங்கே போய்ச் சேர ஆறு நிமிடம்; பதில் வர இன்னும் ஆறு. இடையில் எதுவும் செய்ய முடியாது. நேருக்கு நேர் என்றால் எதிராளியின் முகத்தைப் பார்த்துப் பேச்சை மாற்றிக்கொள்ளலாம். இங்கே எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

நடந்ததை மறைக்காமல் சொன்னாள். இரும்பைச் சொன்னாள், நீலத்தைச் சொன்னாள். கடைசியில் தங்கபுஷ்பத்தைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். "தங்கபுஷ்பம், உங்க கோல் எங்கேயும் படல. நான் எழுதினது தப்பு. இப்ப உங்களை வெளிய போகச் சொல்லிக் கேக்க எனக்கு வாய் இல்ல. ஆனாலும் கேக்குறேன். துடைக்கையில இயந்திரம் ஓடிக்கிட்டே இருக்கணும், இல்லன்னா ஒளி எகிறுதான்னு தெரியாது, அதனால பக்கவாட்டுல இருந்துதான் எட்டணும். ஆபத்துதான்."

பன்னிரண்டு நிமிடம். கோமதி தேநீர் கொண்டுவந்து வைத்தாள். அதில் ஆடை படியும்வரை யாரும் தொடவில்லை.

பதிமூன்றாவது நிமிடம் தங்கபுஷ்பத்தின் குரல் வந்தது. உடன்குடிப் பக்கத்துப் பேச்சு, இருபத்தாறு மாதம் ஆகாயத்தில் இருந்தும் மாறவில்லை.

"கேட்டேன் மேடம். சூட்டு மாட்டிக்கிட்டு இருக்கேன், பேசிக்கிட்டே மாட்டுதேன். ஒரு விஷயம் சொல்லணும். ருசு வேணும், ருசு வேணும்னு சொல்லுதீங்க. அன்னைக்குத் துடைச்ச துணியை நான் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தேனே, அதைப் பாக்கலியா? ஜன்னல்ல இருந்து எடுத்த துணி. டீ டிக்காசன் கலர்ல இருந்துது. கரின்னா கறுப்பா இருக்கும், இது ஏன் இப்படி இருக்குன்னு கீழ எழுதியும் இருந்தேன். நாலாம் பக்கம். நீங்க பாத்துட்டதா எனக்கு வந்துதே."

ஜெபசீலி நாற்பது நாளைக்கு முந்தைய அறிக்கையைத் திறந்தாள். கப்பலிலிருந்து வரும் ஒவ்வொரு அறிக்கைக்கும் ஐந்து பேர் அன்றைக்கே 'பார்த்தேன்' என்று குறியிட வேண்டும் என்பது நிலையத்தின் சட்டம். குறியிடாதவர் பெயருக்கு எதிரே மறுநாள் சிவப்புப் புள்ளி வரும். சிவப்புப் புள்ளிக்குப் பயந்து எல்லாரும் மாலைத் தேநீரின்போது வரிசையாகக் குறியைத் தட்டிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். அறிக்கையைத் திறந்தார்களா என்று சட்டம் கேட்டதில்லை.

நாலாம் பக்கத்தில் படம் இருந்தது. வெள்ளைத் துணியில் தேநீர்க் கறை போல ஒரு வட்டம். கீழே ஐந்து பெயர்கள். முதல் பெயர் அவளுடையது. இரண்டாவது ஆவுடையப்பனுடையது.

அவர் அவளுக்குப் பின்னால் வந்து நின்றிருந்தார். படத்தைப் பார்த்தார், பெயர்களைப் பார்த்தார். பக்கத்து நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "போகச் சொல்லு" என்றார். "உத்தரவு என் பேர்ல போகட்டும்."

இரண்டு மணி ஐந்து நிமிடத்துக்குத் தங்கபுஷ்பம் வெளியே வந்துவிட்டாள் என்று ஹமீது சுல்தான் சொன்னார். அவர் சொல்வது இங்கே கேட்கும்போது அது நடந்து ஆறு நிமிடம் ஆகியிருக்கும். அவள் கால் வழுக்கியிருந்தாலும், நீல நெருப்பு அவள் கையுறையைத் தொட்டிருந்தாலும், தேரிக்காட்டில் இருப்பவர்கள் ஆறு நிமிடம் ஒன்றும் தெரியாமல் மூச்சுவிட்டுக்கொண்டிருப்பார்கள். ஜெபசீலி ஜெபம் செய்யப் பார்த்தாள். பாதி ஜெபத்தில் கணக்குக்குப் போய்விட்டாள்.

"மூணாவதுக்குப் பக்கத்துல போயாச்சு" என்றது ஹமீதின் குரல். "கம்பியைப் பிடிச்சுட்டா. கோலை நீட்டுறா. எட்டல... இன்னும் ஒரு சாண் போகணும்ங்கிறா. வேண்டாம், அதுக்கு மேல போகாதே தங்கம். சொன்னா கேக்குறாளா..."

பிறகு கொஞ்ச நேரம் வெறும் கரகரப்பு.

அறையில் இருபது பேர் நின்றார்கள்.

இரண்டு நாற்பத்தொன்றுக்கு ஜெபசீலியின் திரையில் கோடு துள்ளியது. கடுகளவு இருந்த இரும்பு மேடுகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து, திரையின் உச்சியைத் தொட்டு, அதையும் தாண்டிப் போயின. போரான் இருக்க வேண்டிய இடத்தில் மெல்லிய ஒரு கீற்று மட்டும் தெரிந்தது. சுவர் பெரும்பாலான இடத்தில் இல்லை. அவள் நான்கு மில்லிமீட்டர் என்று எழுதிக்கொடுத்த சுவர் எப்போதோ போய்விட்டிருந்தது.

"மூணாவதை அணைக்கணும்" என்றாள். "இப்பவே."

ஆவுடையப்பன் கையை உயர்த்தினார். கோமதி உத்தரவை அனுப்பினாள். அது போய்ச் சேர்ந்து, அணைந்தது என்று பதில் வரும்வரை மூன்றாவது எரிந்துகொண்டுதான் இருந்தது. அணைந்த செய்தியோடு கூடவே தங்கபுஷ்பம் உள்ளே வந்துவிட்டாள் என்ற செய்தியும் வந்தது. இடது கையுறையின் வெளி உறை கருகியிருந்தது, கைக்கு ஒன்றுமில்லை. கோமதி அழுதுவிட்டாள். யாரோ கைதட்ட ஆரம்பித்து, வேறு யாரும் தட்டாததால் நிறுத்திக்கொண்டார்கள்.

ஏனென்றால் இன்னும் பாதிதான் முடிந்திருந்தது. துடைத்த ஜன்னல் வழியாக நாலாவது காட்டிய ஐந்து மடங்கு ஒளி பொய்யில்லை. அதன் தேய்மானம் முதல் நாளிலிருந்தே அவ்வளவுதான். நாற்பது நாள் ஓய்ந்திருந்ததால் அது பிழைத்தது. அந்த ஓய்வுக்குக் காரணம் ஜெபசீலியின் தப்பான அறிக்கை என்பதை நினைத்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. முழுக் கணக்கையும் மறுபடி போட்டாள். நாலாவதில் பன்னிரண்டு நாளுக்குச் சுவர் இருந்தது. தேவை பத்தொன்பது.

"எடையைக் குறைக்கணும் சார்" என்றாள்.

"எவ்வளவு?"

"ஏழு டன். அப்ப பன்னெண்டு நாளே போதும்."

ஆவுடையப்பன் கண்ணை மூடிக்கொண்டார். ஏழு டன் என்றால் கல் முழுவதும். அந்தக் கல்லுக்காகத்தான் மூன்று பேர் இருபத்தாறு மாதம் வீட்டை விட்டுப் போயிருந்தார்கள். அதற்காகத்தான் நிலையமே கட்டப்பட்டது. அவர் கண்ணைத் திறந்தபோது பத்து வயது கூடியிருந்தது.

"தள்ளிவிடச் சொல்லு. ஒரு பிடி கல்லுகூட வேண்டாம், ஆளுங்க வந்தாப் போதும்."

நாலாவதைப் பற்றவைக்கும் நேரத்தை ஆறு மணிக்குத் தள்ளிவைத்தார்கள். மேலே கல் ஆராய்ச்சிப் பெண் விம்மிக்கொண்டே பெட்டிகளைக் கழற்றிவிடுவதாக ஹமீது சொன்னார். கீழே ஜெபசீலி அறிக்கை எழுதினாள்.

ஆவுடையப்பன் அதைப் படித்தார். 'ஜன்னல் மங்கியதை நிலையம் கண்டுபிடித்தது' என்று ஒரு வரியில் முடித்திருக்கலாம். அவள் அப்படி எழுதவில்லை. சிவப்பு போதும் என்ற குறிப்பு தன்னுடையது, நாற்பது நாளைக்கு முன்பே தங்கபுஷ்பம் இதைக் கண்டுபிடித்துப் படத்தோடு அனுப்பினாள், திறக்காமலே குறியிட்டேன், அவள் மீது பழி போட்டது நான், என்று நாலு வரி. அந்த ஐந்து பெயர்களையும் எழுதியிருந்தாள்.

"என் பேரையும் போட்டிருக்க."

"இருந்துது சார், போட்டேன்."

"சரிதான்." அவர் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டுப் பேனாவை மூடாமல் வைத்துக்கொண்டிருந்தார். "ஜெபசீலி, இப்படி ஒரு அறிக்கை வந்தா, எழுதினவங்க அன்னைக்கே நாற்காலியை விட்டு எந்திரிக்கணும். விதி அப்படி. தங்கபுஷ்பத்துக்குச் செஞ்சதை உனக்குச் செய்யாம விட்டா நாளைக்கு நான் யார் முகத்துலயும் முழிக்க முடியாது. மதுரைக் கிளையில இருந்து ஒருத்தரை வரச் சொல்லியிருக்கேன். என் விஷயத்தை மேல இருக்கவங்க பாத்துக்குவாங்க."

"நியாயம்தான் சார்."

அவள் அதை மனதாரத்தான் சொன்னாள். ஆனாலும் மேசை இழுப்பறையைக் காலி செய்யும்போது கண் மறைத்தது. பன்னிரண்டு நாள் சுவரைப் பன்னிரண்டு நாளும் கண் கொட்டாமல் பார்க்க வேண்டும். நாலாவது ஜன்னல் மறுபடி பழுப்பேறும். எவ்வளவு ஏறுகிறது என்று நீலத்தைப் பார்த்துக் கணக்கைத் திருத்திக்கொண்டே வர வேண்டும். மதுரையிலிருந்து வருகிறவருக்கு இந்த ஜன்னலைப் பற்றி ஒன்றும் தெரியாது. அதையும் ஒரு தாளில் எழுதி வைத்தாள். பையைத் தோளில் மாட்டினாள்.

"அக்கா, இருங்க" என்றாள் கோமதி. "மேல இருந்து ஏதோ வருது."

அறிக்கையைக் கப்பலுக்கும் அனுப்பியிருந்தார்கள். ஒலிபெருக்கியில் தங்கபுஷ்பம் பேசினாள். குரல் களைத்திருந்தது.

"சார், அறிக்கையைப் படிச்சேன். நாலு வரியையும் படிச்சேன். மேடத்தை எடுத்துட்டு வேற ஆளைப் போடுதீங்கன்னு கீழ எழுதியிருக்கு. அது வேண்டாம். நல்ல மனசுல சொல்லுதேன்னு நினைக்காதீங்க. எனக்குக் கோவம் அப்படியேதான் இருக்கு. நாப்பது நாள் நான் சாக்கடை கழுவுனேன். என் வீட்டுக்காரர்கிட்ட ஊர்ல எல்லாரும், உம் பொண்டாட்டி கப்பலைக் கெடுத்துட்டாளாமேன்னு கேட்டிருக்காங்க. அதையெல்லாம் வந்து இறங்கினதும் மேடத்துகிட்ட நேர்லதான் பேசுவேன், சும்மா விட மாட்டேன்."

மூச்சு வாங்கிக்கொண்டாள்.

"ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாத்தேன். துடைச்சதுக்கு என்னை உக்கார வச்சீங்க. அதுக்கப்புறம் இந்தக் கப்பல்ல எந்த ஜன்னலையும் யாரும் தொடல. இப்ப தப்பை ஒத்துக்கிட்டதுக்கு அவங்களை உக்கார வச்சா, கீழ இனிமே எவன் வாயைத் திறப்பான்? புது ஆளு வந்து எல்லாம் நல்லாயிருக்குன்னுதான் சொல்லுவாரு. எனக்கு அது வேண்டாம். அவங்களையே உக்காரச் சொல்லுங்க. தினம் காலையில ஜன்னலைத் துடைச்சுட்டு நான் துணி என்ன கலர்னு சொல்லுவேன், அவங்க சுவர் எவ்வளவுன்னு சொல்லட்டும். அவங்க இல்லாம நாலாவதுக்கு நான் சுவிட்சு போட மாட்டேன். கேப்டன்கிட்டயும் சொல்லிட்டேன்."

இணைப்பு நின்றது. ஆவுடையப்பன் விதிப்புத்தகம் இருந்த அலமாரியை ஒருமுறை பார்த்தார். பிறகு மதுரைக்குப் போன் போட்டு, வர வேண்டாம் என்று சொன்னார்.

மணி ஐந்து நாற்பத்தெட்டு. இப்போது பேசினால் ஐந்து ஐம்பத்துநாலுக்குக் கப்பலைச் சேரும். ஜெபசீலி பையைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். குரல் உடையாமல் பேச முடியுமா என்று அவளுக்கு நிச்சயமில்லை. உடைந்தாலும் பரவாயில்லை என்று ஒலிவாங்கியை இழுத்துக்கொண்டாள்.

"வள்ளம், ஜெபசீலி பேசுறேன். நாலாவதோட சுவர் ஒரு மில்லிமீட்டரும் கொஞ்சமும் இருக்கு. அந்தக் கொஞ்சம் எவ்வளவுன்னு எனக்குச் சரியாத் தெரியாது. தங்கபுஷ்பம், துணி இப்ப என்ன கலர்?"